ஒன்றரை மீட்டர் குழாய்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று காலை நடந்த அத்தனைக்கும் அந்தக் கோபம்தான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை பம்ப் ஓட்டுவது. இதய ஆபரேஷன் நடக்கும்போது இதயத்தை நிறுத்திவைத்துவிட்டு அதன் வேலையை ஒரு மெஷின் செய்யுமே, அந்த மெஷினைப் பதினெட்டு வருடமாக ஓட்டுகிறேன். இந்த வேலைக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நான் பம்ப் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்த பெரிய சிஸ்டர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். சண்டை போட்டும் பார்த்துவிட்டேன், மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கிட்னி பிரிவுக்கு ஒரு மாதம் உதவிக்கு என்று என்னை அனுப்பினார்கள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

இறந்துபோன ஒருவருடைய வீட்டார் சம்மதித்தால் அவருடைய கிட்னியை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஐஸிலிருந்து எடுத்த கிட்னிக்கு உயிர் இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. அதனால் எங்கள் ஆஸ்பத்திரியில் அதை நேராக நோயாளியின் வயிற்றில் வைத்துத் தைத்துவிடுவதில்லை. ஒரு கிண்ணத்தில் கிடத்தி, என் பம்பிலிருந்து சூடான ரத்தக் கலவையை அதற்குள் ஓட்டுவோம். உயிர் இருந்தால் எழுந்து வேலை பார்க்கும், மூத்திரம் சொட்டும்.

சொட்டினால் மட்டும் போதாது. அதில் சர்க்கரை எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். கிட்னியின் செல்லைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. சர்க்கரை அதைத் தாண்டித் தானாக உள்ளே வராது. சவ்வில் உப்பை வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன. என்னுடையதைவிடக் கோடி மடங்கு சின்னவை, என்னைவிட உழைப்பாளிகள். அவை ஓயாமல் உப்பை வெளியே தள்ளினால்தான், தள்ளிய உப்பு மறுபடி உள்ளே ஓடிவரும்போது அதைத் தொற்றிக்கொண்டு சர்க்கரையும் உள்ளே வரும். அந்தப் பம்புகள் நின்றால் உடம்புக்குச் சேர வேண்டிய சர்க்கரை மூத்திரத்தோடு வெளியே போகும். ஐஸில் அவை படுத்துவிடும், அது தெரிந்ததுதான். ஆனால் முப்பத்தேழு டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகும் எழவில்லை என்றால் செத்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் விதி இது: நான் ஓட்டும் கலவையில் சர்க்கரை நூற்றறுபது இருக்கும். தொண்ணூறாவது நிமிடத்துக்குள் மூத்திரத்தில் அது எண்பதுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தக் கிட்னி வேண்டாம். விதியைப் போட்டவர் எங்கள் சர்ஜன். எந்நேரமும் மணி பார்ப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். சாப்பிடும்போதும் மணி பார்ப்பார். சிரிப்பதற்கு முன்னால்கூட ஒரு தடவை பார்த்துக்கொள்வார் என்று சிஸ்டர் சொல்லுவார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, அதனால் எனக்குத் தெரியாது.

அவருக்கும் எனக்கும் ஆகாது. அவர் கைதேர்ந்த சர்ஜன், அதை மறுத்தால் எனக்கு நாக்கு அழுகிவிடும். ஆனால் என் மெஷினைத் தொடுவார். முன்பெல்லாம் மெஷின் ஆபரேஷன் மேஜைக்குப் பக்கத்தில், அவருடைய முழங்கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பேசிக்கொண்டே கையை நீட்டி ஓட்டத்தைக் கொஞ்சம் ஏற்றுவார், கொஞ்சம் இறக்குவார், ஏதோ வீட்டு மின்விசிறி மாதிரி. நான் அவருடைய கத்தியை வாங்கி ஒரு கீறல் போட்டுப் பார்க்கவா? ஒருநாள் எல்லோர் முன்னாலும் அதையே கேட்டும்விட்டேன். அவர் மணியைப் பார்த்தார். மறுநாள் நான் மெஷினைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய், கிட்னிக்குப் போகும் குழாயில் ஒன்றரை மீட்டரைக் கூடுதலாகச் சேர்த்தேன். இனிமேல் அவர் தொட வேண்டுமென்றால் நாலு எட்டு நடந்து வர வேண்டும். அவர் கவனித்தார், ஒன்றும் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்று கிட்னி வந்தது காலை ஏழு நாற்பதுக்கு. பதினோரு மணி நேரம் ஐஸில் இருந்திருக்கிறது. கொஞ்சம் அதிகம்தான். அது யாருக்கு என்றால், மூன்றாம் மாடியில் இருந்த ஒரு பஸ் டிரைவருக்கு. நாற்பத்துமூன்று வயது. நாலு வருடமாக டயாலிசிஸ். கையிலிருந்த ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துப்போய், தொடையும் போய், இப்போது கழுத்தில் ஒரு குழாய் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் போன வாரத்திலிருந்து மக்கர் பண்ணுகிறது. அதற்கப்புறம் குத்த உடம்பில் இடமில்லை. அதாவது இந்தக் கிட்னி கிடைத்தால் உண்டு.

தியேட்டருக்கு வெளியே நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை, அதன் வாரை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றியிருந்தார். பெட்டியோடு நாங்கள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"டாக்டரம்மா, வந்துடுச்சா?"

"நான் டாக்டர் இல்லமா, மெஷின் ஓட்டறவ. வந்துடுச்சு. பத்து மணிக்குத் தெரிஞ்சுடும்."

"நல்லபடியா இருக்கும்ல?"

"பாத்துட்டு சொல்றோம்" என்றேன். நோயாளி வீட்டாரோடு நான் அதிகம் பேசுவதில்லை. பேசினால் மெஷின் முன்னால் உட்காரும்போது அவர்கள் முகம் வந்து நிற்கும்.

எட்டரைக்குப் பம்பை ஓட்டினேன். கிண்ணத்தில் வெளிறிக் கிடந்த கிட்னி மெல்ல இளஞ்சிவப்பானது. இந்த நிமிடத்தை நூறு தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. ஆனால் முழுதாகச் சிவக்கவில்லை, ஓரங்களில் திட்டுத்திட்டாக நின்றுவிட்டது. ஓட்டம் நிமிடத்துக்கு நூற்றிப்பத்து மில்லிதான். குறைந்தது இருநூறு வந்திருக்க வேண்டும். என் திரையில் வெப்பம் 37.0 என்று பச்சையில் எரிந்தது.

ஒன்பது மணிக்குச் சிஸ்டர் முதல் மூத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்து வந்தார். சர்க்கரை நூற்றைம்பத்திரண்டு.

"இப்பத்தானக்கா எழுந்திருக்கு" என்றார் சிஸ்டர்.

ஒன்பதரைக்கு நூற்றி நாற்பத்தொன்று.

கடிகாரம் உள்ளே வந்து கிண்ணத்துக்கு மேலே குனிந்து நின்றார். விரலால் கிட்னியை லேசாக அழுத்திப் பார்த்தார். பிறகு, வேறென்ன, மணியைப் பார்த்தார்.

"வெப்பம்?"

"முப்பத்தேழு சார்."

"ரத்த வாயு ரிப்போர்ட்?"

"அதெல்லாம் சரியா இருக்கு."

"பதினோரு மணி நேரம் ஐஸ்ல இருந்திருக்கு. வாய்ப்பு கம்மி." குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. "நான் போய் டிரைவரப் பாத்துட்டு வர்றேன். மனசத் தயார் பண்ணணும். பத்து மணிக்கு முடிவு."

அவர் போனதும் அறையில் பம்பின் சத்தம் மட்டும் கேட்டது. பத்து மணிக்கு இன்னும் அரை மணிகூட இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுத்தத்தைப் பார்த்தேன், ஆக்ஸிஜனைப் பார்த்தேன், கலவையில் உப்பு சரியா என்று மறுபடி பார்த்தேன். எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்து கிட்னி மட்டும் எழாவிட்டால், கிட்னி செத்துவிட்டது. அவ்வளவுதானே?

மூத்திரம் சொட்டும் சின்ன பாட்டில் மேஜைக்குக் கீழே தொங்கும். அதை மாற்றுவது என் வேலை. ஒன்பது முப்பத்தைந்துக்குக் குனிந்து மாற்றியபோது பாட்டில் கையில் சில்லென்று இருந்தது. இத்தனூண்டு மூத்திரம், குழாயில் வரும்போதே ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புது பாட்டிலை மாட்டும்போது ஒரு சொட்டு என் கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே மணிக்கட்டில் விழுந்தது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டையும் மடியில் போட்டு வளர்த்தவள். மூத்திரம் எவ்வளவு சூடாக இருக்கும் என்று எந்த மெஷினும் எனக்குச் சொல்ல வேண்டாம். கிட்னிக்கும் என் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு சாண் குழாய்தான் இருந்தது. ஒரு சாணில் அது இவ்வளவு ஆறாது.

நிமிர்ந்து பார்த்தேன். மெஷினிலிருந்து குழாய் கிளம்பி, சுவரோரம் ஓடி, வளைந்து, மேஜைக்குப் போகிறது. நேர் மேலே ஏ.சி. திறப்பு. சர்ஜன்களுக்கு அறை பதினெட்டு டிகிரியில் இருந்தால்தான் மூளை வேலை செய்யும். பதினெட்டு டிகிரிக் காற்று அந்தக் குழாய் மேல் நேராக ஊதிக்கொண்டிருந்தது. அதற்குள் ரத்தக் கலவை ஆமை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

என் திரையில் எரியும் முப்பத்தேழு எங்கே அளக்கப்படுகிறது? மெஷினின் வாசலில், குழாய் கிளம்பும் இடத்தில். அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ரத்த வாயு ரிப்போர்ட்டுக்கும் தெரியாது. ரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் அந்தக் கருவியில் எதைக் கொடுத்தாலும் தானே முப்பத்தேழுக்குச் சூடாக்கிக்கொண்டுதான் படிக்கும்.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இழுப்பறையில சுத்தம் பண்ணி வெச்ச ஊசி வெப்பமானி ஒண்ணு இருக்கும். அத கிட்னிக்கு அடியில வைங்க."

வைத்தார். இருவரும் பார்த்தோம். 31.4.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். முப்பது வருட சர்வீஸ் அவருக்கு, எதையும் விளக்க வேண்டியதில்லை. அது சாகவில்லை, குளிரில் விறைத்துக் கிடக்கிறது. குளிரால் அதன் ரத்தக்குழாய்கள் சுருங்கும், சுருங்கினால் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் வழியில் இன்னும் ஆறும். சவ்வில் இருக்கும் அந்தக் குட்டிப் பம்புகள் பாதி வேகத்தில் முக்கிக்கொண்டிருக்கும். சர்க்கரை அதுபாட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும். நாங்கள் அதைப் பார்த்துக் கிட்னி செத்துவிட்டது என்று எழுதத் தயாராகிக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உடனே ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை. மெஷினில் வெப்பத்தை ஏற்றினேன். சத்தமில்லாமல் இரண்டு டிகிரி, மூன்று டிகிரி ஏற்றிவிட்டால் கிட்னி சூடாகும், சர்க்கரை இறங்கும், எல்லோரும் கைதட்டுவார்கள், ஒன்றரை மீட்டரைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டாம். அதுதான் என் புத்தி போன போக்கு. மெஷின் முப்பத்தெட்டோடு நின்றுவிட்டது. ரத்தம் வெந்துவிடக் கூடாது என்று அதற்கு மேல் பூட்டு போட்டிருக்கிறார்கள்.

காத்திருந்தேன். ஒன்பது நாற்பத்திரண்டு. நாற்பத்துநாலு. 31.6. நாற்பத்தேழு. 31.9. ஐந்து நிமிடத்தில் அரை டிகிரி. இந்த வேகத்தில் பத்து மணிக்கு முப்பத்துநாலைக்கூடத் தொடாது.

"அக்கா, சொல்லிடுங்க" என்றார் சிஸ்டர். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. "அந்த ஆளுக்குக் கழுத்துதான் கடைசி."

கதவு திறந்தது. கடிகாரம் வந்தார். "அடுத்த சாம்பிள் என்ன?"

"நூத்தி முப்பத்தாறு" என்றார் சிஸ்டர்.

அவர் முகக்கவசத்துக்கு மேலே கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "சரி. பத்து வரைக்கும் நிக்க வேண்டியதில்லனு நெனைக்கிறேன். நிறுத்திடுங்க."

"இல்ல சார்."

"என்ன இல்ல?"

"கிட்னி சாகல. குளிர்ல இருக்கு." வெப்பமானியைக் காட்டினேன். "முப்பத்தொண்ணுலதான் இருக்கு சார். முப்பத்தேழுனு நான் சொன்னது மெஷின் வாசல்ல. குழாய் நீளம். ஏ.சி. காத்து நேரா மேல படுது. வழியிலயே ஆறிடுது."

"குழாய் ஏன் அவ்ளோ நீளம்?"

சொல்ல எத்தனையோ நல்ல காரணங்கள் இருந்தன. இடவசதி. சுத்தம். மின்சார இணைப்பு சுவரில் இருக்கிறது. ஒன்றைச் சொன்னால் நம்பியும் இருப்பார்.

"நீங்க மெஷினத் தொடக்கூடாதுனு" என்றேன். "கோபத்துல நீட்டினேன்."

சர்ஜனோடு உதவிக்கு வந்த சின்ன டாக்டர் தரையைப் பார்த்தார். நான் கடிகாரத்தின் கண்ணைப் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப சூடாக்கி என்ன பிரயோஜனம்? தொண்ணூறு நிமிஷம் முடியப் போகுது."

"முடியல சார். தொண்ணூறு நிமிஷம்ங்கறது முப்பத்தேழு டிகிரியில. இது இன்னும் முப்பத்தேழப் பாக்கவே இல்ல. உங்க கடிகாரம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கல."

வாய் தவறிவிட்டது. கடிகாரம் என்ற சொல் அறையில் நின்றது. சிஸ்டருக்கு இருமல் வந்தது.

சர்ஜன் கையை நீட்டி வெப்பமானியின் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "எவ்ளோ நேரம் வேணும்?"

"குழாய வெட்டி ஒட்ட அரை நிமிஷம். சூடாகப் பத்து நிமிஷம். அப்புறம் பாப்போம்."

"வெட்டும்போது ஓட்டம் நிக்கும்."

"நிக்கும்."

"காத்து உள்ள போனா?"

"போனா அவ்ளோதான்" என்றேன். ஒரு காற்றுக் குமிழி கிட்னிக்குள் போனால் அது போகிற பாதை முழுக்க அடைத்துவிடும். அதற்கப்புறம் சூடும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.

அவர் மணி பார்க்கவில்லை. "மெஷின என் பக்கம் தள்ளுங்க" என்றார்.

தள்ளினோம். சக்கரம் ஒரு வயரில் மாட்டி நின்றது, சின்ன டாக்டர் படுத்துக்கொண்டு எடுத்துவிட்டார். பழைய இடம், அவருடைய முழங்கைக்குப் பக்கம். சிஸ்டர் கூடுதல் குழாயின் இரண்டு முனையிலும் இரண்டு இரண்டு கவ்விகளைப் பிடித்துக்கொண்டார். நான் பம்பை நிறுத்தினேன். பதினெட்டு வருடத்தில் அந்த நிசப்தம் மாதிரி ஒன்றை நான் கேட்டதில்லை. கடிகாரம் இரண்டு இடத்தில் வெட்டினார். ஒன்றரை மீட்டர் துண்டு ரத்தத்தோடு வாளியில் விழுந்தது. முனைகளைச் சேர்க்க இணைப்பானை நுழைத்தார். ஒரு பக்கம் ஏறியது. மறு பக்கம் ஈரத்தில் வழுக்கியது.

"பத்து... பதினஞ்சு..." சிஸ்டர் எண்ணினார்.

மறுபடி வழுக்கியது. கடிகாரத்தின் நெற்றியில் வேர்த்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சிஸ்டர், துணி."

துணியால் பிடித்து முறுக்கினார். ஏறிவிட்டது. "இருபத்தெட்டு" என்றார் சிஸ்டர். நான் பம்பில் கை வைத்தேன். ஓட்டப் போனவள் கையை எடுத்தேன். இணைப்பானுக்கு அந்தப் பக்கம், குழாயின் வளைவில், கடுகு அளவில் ஒன்று மின்னியது.

"குமிழி" என்றேன்.

"எங்க?"

"உங்க கட்டை விரலுக்குக் கீழ."

அவர் குழாயைத் தலைகீழாகத் தூக்கி விரலால் சுண்டினார். அசையவில்லை. மறுபடி சுண்டினார். முப்பத்தைந்து, நாற்பது என்று சிஸ்டர் எண்ணிக்கொண்டே போனார். கிண்ணத்தில் கிட்னி மங்கிக்கொண்டு வந்தது. மூன்றாவது சுண்டலில் குமிழி நழுவி மேலே ஏறியது. காற்றை வெளியே விடும் பக்கக் குழாயைச் சிஸ்டர் திறந்தார். அது ரத்தத்தோடு வெளியே போய்விட்டது.

"ஓட்டுங்க" என்றார் கடிகாரம்.

ஓட்டினேன். ஏ.சி.யை நிறுத்தச் சொன்னேன். குட்டையான குழாய் மேல் சிஸ்டர் சூடான துணிகளைச் சுற்றினார். 32.8. 34.0. யாரும் உட்காரவில்லை. 35.1 வந்தபோது ஓட்டம் நூற்றைம்பதைத் தாண்டியது. ஓரங்களில் நின்றிருந்த திட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. 36.5. கிட்னி முழுக்கச் சிவந்து, லேசாகத் துடித்தது. சொட்டுச் சொட்டாக வந்தது இப்போது விடாமல் வந்தது.

பத்தேகாலுக்குச் சர்க்கரை நூற்றி நாலு. பத்தரைக்கு அறுபத்தாறு. பத்தே முக்காலுக்குச் சிஸ்டர் பரிசோதனைக் கருவியிலிருந்து கிட்டத்தட்ட ஓடி வந்தார். "முப்பத்தொம்பது!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகக்கவசத்துக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். அந்தக் குட்டிப் பம்புகள் அத்தனையும் எழுந்து வேலை பார்க்கின்றன.

"எடுத்துக்கறோம்" என்றார் கடிகாரம். "டிரைவர உள்ள கொண்டுவாங்க." கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார். "குழாய என்னைக்கு நீட்டினீங்க?"

"அஞ்சு வாரம் ஆகுது சார்."

"அதுக்கப்புறம் எத்தன கிட்னி ஓட்டினோம்?"

வாயைத் திறந்தேன். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

"இது அஞ்சாவது" என்றேன். "ரெண்டு வெச்சோம். ரெண்டு... வேண்டாம்னு விட்டோம்."

அவர் கையுறையைக் குப்பைக்கூடையில் போட்டார். கொஞ்ச நேரம் அந்தக் கூடையையே பார்த்தார். "கையெழுத்து என்னோடது. ரெண்டுக்கும்" என்றார். "முதல்ல இதத் தைப்போம். நான் கை கழுவப் போறேன். நீங்க போய் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க."

வெளியே வந்தேன். டிரைவரின் மனைவி நாற்காலியில் இல்லை, கதவுக்கு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். பத்து மணி தாண்டி முக்கால் மணி நேரம் ஆகியும் ஒருவரும் வந்து சொல்லவில்லை என்றால் என்ன நினைத்திருப்பார்?

"கிட்னி நல்லா இருக்குமா. வைக்கப் போறாங்க" என்றேன்.

அவர் அழவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பை நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"நல்லா இருக்கணும் நீங்க. போன மாசமும் கூப்பிட்டாங்க டாக்டரம்மா. இதே மாதிரி விடியக்காலையில வந்து உக்காந்திருந்தோம். கிட்னி சரியில்லனு திருப்பி அனுப்பிட்டாங்க. அவரு ரொம்ப உடைஞ்சுட்டாரு. நான்தான் சொன்னேன், கெட்டுப்போனத கண்ண மூடிக்கிட்டு வெச்சுத் தைக்காம, பாத்து, வேண்டாம்னு சொன்னாங்களே, அந்த மனுஷங்களுக்கு நாம நன்றி சொல்லணும்னு. உங்க மெஷின்லதான பாத்தாங்க?"

"ஆமா" என்றேன்.

"என்னைக்காவது பாத்தா சொல்லணும்னு இருந்தேன்."

கையை விடுவித்துக்கொண்டு ஒரு புன்னகையோடு உள்ளே போயிருக்கலாம். இன்றைக்கு இது போதும், அந்தம்மாவுக்கு இது நல்ல நாள், இதைக் கெடுப்பானேன் என்று ஒரு மனசு சொன்னது. காலையில் மெஷினில் சத்தமில்லாமல் வெப்பத்தை ஏற்றிய அதே மனசு.

"அம்மா, அந்தக் கிட்னி நல்லதா இருந்திருக்கலாம்" என்றேன். "என் மெஷின்ல ஒரு தப்பு இருந்துச்சு. மெஷினோட தப்பு இல்ல, என் தப்பு. அதுக்குப் போக வேண்டிய சூடு போகல. அதான் வேல செய்யல. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சோம். அது நல்லதா கெட்டதானு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கை தளர்ந்தது. முதலில் ஒரு கை, அப்புறம் இன்னொன்று.

"போன மாசம்" என்றார். "போன மாசம் அவருக்கு ரெண்டு கண்ணும் நல்லா தெரிஞ்சுது. அப்புறம்தான் பிரஷர் ஏறி ஒரு கண்ணுல ரத்தம் கசிஞ்சு போச்சு. கிட்னி வெச்சாலும் இனிமே வண்டி எடுக்க முடியாதுனு சொல்லிட்டாங்க."

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அவ்வளவு சின்னச் சொல்லை அந்தம்மாவிடம் நீட்ட எனக்குக் கூசியது.

அவர் குனிந்து பையை எடுத்தார். தூசியைத் தட்டினார்.

"இது நல்லா இருக்குல்ல?"

"இருக்குமா."

"நீங்களே பாத்தீங்களா? கண்ணால?"

"பாத்தேன்."

"அப்ப உள்ள போய் அதையே பாத்துக்கிட்டு இருங்க" என்றார். "அவருக்கு வெச்சு முடிக்கிற வரைக்கும் கண்ண எடுக்காதீங்க. எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

நான் உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.